சூனியக்காரி: ஒரு பழிச்சொல்லின் வரலாறு

ஓசூர்ச் சந்தையில் தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் கலந்து ஒலிக்கும். தமிழர் ‘சூனியக்காரி’ என்பதைத் தெலுங்கர் ‘மந்திரகத்தெ’ என்பர். கன்னடத்தார் ‘மாட்டகாத்தி’ என்பர். இப்பகுதித் தொழிற்சாலைகளில் வேலை செய்யும் ஜார்க்கண்டுப் பெண்களைக் கேட்டால் ‘டாயன்’ என்ற நான்காவது சொல்லும் கிடைக்கும். மொழி எதுவாயினும் வழக்கம் ஒன்றே. மந்திரவாதிக்குத் தட்சிணை, சூனியக்காரிக்கு அடி!

இப்பழி எப்படிப் பிறந்தது? மேனாட்டு வரலாற்றைப் பார்ப்போம்.

15ஆம் நூற்றாண்டு முதல் 18ஆம் நூற்றாண்டு வரை ஐரோப்பாவில் சூனியக் குற்றம் சாட்டிக் கொல்லப்பட்டோர் 40,000 முதல் 60,000 வரை இருக்கலாம் என அறிஞர்கள் கணிக்கின்றனர். இவர்களில் பெரும்பாலோர் பெண்கள். சுவிட்சர்லாந்தின் கிளாருஸ் நகரில் வேலைக்காரியாக இருந்த அன்னா கோல்டி 1782இல் தலை வெட்டிக் கொல்லப்பட்டார். எசமானரின் குழந்தைக்கு ஊசிகளைக் கொடுத்தார் என்பதே குற்றச்சாட்டு. சித்திரவதை செய்து ஒப்புதல் வாங்கினார்கள். 226 ஆண்டுகள் கழித்து, 2008இல், கிளாருஸ் மாநில மன்றம் அவர் குற்றமற்றவர் என அறிவித்தது.

இதற்கிடையே விந்தையான மாற்றம் ஒன்று நிகழ்ந்தது. பழிச்சொல்லையே சிலர் பெயராகச் சூடிக்கொண்டனர். இங்கிலாந்தில் 1735ஆம் ஆண்டின் சூனியச் சட்டம் 1951இல் நீக்கப்பட்டது. 1954இல் ஜெரால்டு கார்ட்னர் என்பவர், தாம் ஒரு சூனியக்காரர் குழுவைச் சேர்ந்தவர் என்று வெளிப்படையாக நூல் எழுதினார். அவர் பரப்பிய சமயமே ‘விக்கா’. 1968இல் நியூயார்க்கில் பெண்ணுரிமைக் குழு ஒன்று சூனியக்காரி வேடமிட்டே வீதியில் இறங்கியது. இந்தியாவிலும் இப்சிதா ராய் சக்கரவர்த்தி 1986இல் தம்மை விக்கா நெறியைச் சேர்ந்த சூனியக்காரி என்று துணிந்து அறிவித்தார்.

மந்திரத்தால் நோய் வரும் என்பதற்கு விஞ்ஞானத்தில் சான்று இல்லை. ஆயினும், அச்சமூட்டிய சொல்லை அஞ்சாமல் எடுத்துச் சொல்பவரிடம் அச்சொல்லின் கூர் மழுங்கிவிடுகிறது. ஆனால் இந்தத் துணிவு எல்லாப் பெண்களுக்கும் கைகூடுமா?

ஜார்க்கண்டைச் சேர்ந்த சுட்னி மகதோவின் கதை இதற்கு விடை சொல்கிறது. 1995இல் அயல்வீட்டுப் பெண் நோயுற்றதற்கு இவரே காரணம் என்று ஊரார் ‘டாயன்’ பட்டம் சூட்டினர், அடித்து அவமானப்படுத்தினர். பிள்ளைகளுடன் ஊரைவிட்டு வெளியேறினார். தாம் அந்தப் பெயரை விரும்பி ஏற்கவில்லை. அது தம்மீது திணிக்கப்பட்டது. எனினும் ஒளிந்து வாழவில்லை. தம்மைப் போலப் பழிக்கப்பட்ட பெண்களைத் தேடிச் சென்று காப்பாற்றினார். 2021இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. அதே ஆண்டு அசாமின் பிருபாலா ராபாவும் இதே பணிக்காக அவ்விருதைப் பெற்றார்.

பழி யார்மீது விழுகிறது என்று கவனியுங்கள். பெரும்பாலும் விதவை, தனித்து வாழ்பவள், சிறிது நிலம் உடையவள். குழந்தைக்குக் காய்ச்சல் வந்தால் இரத்தத்தைச் சோதிக்க வேண்டும். அதற்கு வழியில்லாத ஊரில் பக்கத்து வீட்டுக்காரியைச் சோதிக்கிறார்கள். நோயின் காரணம் தெரியாத இடத்தில் அச்சம் புகுகிறது. அச்சத்தின் பின்னே நிலத்தாசையும் புகுந்துவிடுகிறது.

சட்டங்கள் வந்துள்ளன. பீகார் 1999இல் வழிகாட்டியது; ஜார்க்கண்டு 2001இல் அச்சட்டத்தை ஏற்றது. ஓசூரைத் தாண்டி அத்திப்பள்ளி எல்லையைக் கடந்தால், பேயோட்டுவதாகச் சொல்லி ஒருவரை அடித்துத் துன்புறுத்துவதைத் தடுக்கும் கர்நாடகத்தின் 2017ஆம் ஆண்டுச் சட்டம் உண்டு. ஆனால் வதந்திக்கு எல்லைச் சாவடி இல்லை. அதைத் தடுக்க மருத்துவமனையும் பள்ளிக்கூடமும் சேர்ந்து உழைக்க வேண்டும்.

‘சூனியம்’ என்ற வடசொல்லுக்கு வெறுமை என்பது பொருள். கணிதத்தில் அது பூச்சியம். அந்த வெறுமைக்கு அஞ்சி ஒரு பெண்ணை ஊரைவிட்டுத் துரத்தலாமா? அடுத்த முறை யாரேனும் அந்தச் சொல்லை ஒருத்தி மீது வீசும்போது, ‘நோய்க்குக் காரணம் என்ன? மருத்துவரிடம் காட்டினீர்களா?’ என்று கேளுங்கள். அவள் தன் பெயரை மீட்க, நாம் செய்யக்கூடிய முதல் உதவி அதுவே.