சங்கிலியில் கோத்த பெயர்கள்

1935 வசந்தத்தில் அமெரிக்காவின் டென்வர் நகரத் தபால் நிலையம் திணறிப்போனது. காரணம், ஒரு சங்கிலிக் கடிதம். அதில் ஆறு பேரின் பெயரும் முகவரியும் இருக்கும். முதல் ஆளுக்குப் பத்து சென்ட் அனுப்பணும், அவர் பெயரை அடிச்சுட்டுக் கடைசியில் நம்ம பெயரைச் சேர்த்து ஐந்து பேருக்கு அனுப்பணும். யாரும் சங்கிலியை அறுக்காவிட்டால், நம் பெயர் மேலே ஏறும்போது 15,625 நாணயங்கள், அதாவது 1,562 டாலர் 50 சென்ட் வீடு தேடி வரும். பெருமந்தக் காலம். ஆசைப்பட்டவர்களைக் குறை சொல்ல முடியாது.

அந்தக் கடிதத்தில் ஒரு நேர்மை இருந்தது. நம் முகவரியை நாமேதான் எழுதினோம். அது ஊர் சுற்றப்போகிறது என்று தெரிந்தே எழுதினோம்.

மின்னஞ்சல் அந்தச் சம்மதத்தைக் கழற்றிவிட்டது. 1978 மே மாதம், டிஇசி என்ற கணினி நிறுவனத்தின் கேரி துர்க், அர்பாநெட்டில் இருந்த சுமார் 400 பேருக்கு விளம்பர மடல் ஒன்றை அனுப்பவைத்தார். முதல் ஸ்பாம் என்று இன்று சொல்கிறோமே, அதுதான். அத்தனை முகவரிகளையும் பெறுநர் பகுதி தாங்கவில்லை. மிச்சம் மடலின் உடம்புக்குள் வழிந்துவிட்டது. அவை ரகசியமில்லை, அச்சிட்ட டைரக்டரியில் இருந்தவைதான். ஆனாலும் யாரையும் கேட்காமல் அவர்களின் பெயர்கள் ஒன்றாகக் கோக்கப்பட்டன.

இதற்கு மருந்து ஏற்கெனவே இருந்தது. 1977இல் வந்த மின்னஞ்சல் வரையறையிலேயே பிசிசி உண்டு. அது தட்டச்சர்களின் பழைய உத்தி: அசலை உருவிவிட்டு, கார்பன் நகலில் மட்டும் இன்னொருவர் பெயரை அடிப்பது. அசலைப் பெற்றவருக்கு அது தெரியாது. ஆனால் ஃபார்வர்ட் பொத்தானுக்கு இந்த நாசூக்கு கிடையாது. முந்தைய மடலின் அனுப்புநர், பெறுநர், சிசி எல்லாவற்றையும் வெறும் எழுத்தாகக் கீழே ஒட்டிவிடும். ஒவ்வொரு கைக்கும் ஒரு அடுக்கு. நகைச்சுவைத் துணுக்கு ஒன்று ஐந்து அலுவலகம் தாண்டினால், அதன் வாலில் ஐந்து அலுவலகத்து முகவரிகள்.

வாலை வெட்டினால் போதுமா? கிரெய்க் ஷெர்கோல்டின் கதை, போதாது என்கிறது. மூளைக் கட்டியால் அவதிப்பட்ட இங்கிலாந்துச் சிறுவன். கின்னஸ் சாதனைக்காக வாழ்த்து அட்டைகள் அனுப்பச் சொல்லி 1989இல் வேண்டுகோள் கிளம்பியது. அட்டைகள் கோடிக்கணக்கில் குவிந்தன. 1991இல் அமெரிக்காவில் அறுவை சிகிச்சை நடந்து பையன் பிழைத்தான். நிறுத்துங்கள் என்று குடும்பம் கெஞ்சியது. சங்கிலி நிற்கவில்லை. கடிதத்திலிருந்து ஃபேக்ஸுக்கும் மின்னஞ்சலுக்கும் தாவியது. பெயரின் எழுத்து மாறியது, வாழ்த்து அட்டை விசிட்டிங் கார்டாக மாறியது. அவர் வளர்ந்து ஆளான பிறகும், சாகக் கிடக்கும் சிறுவனாகவே மடல்களில் சுற்றிக்கொண்டிருந்தார்.

வாட்ஸப் வாலை வெட்டிவிட்டது. முன்பு அனுப்பியவர் பெயர் கூடவே வராது. 2018இல் ‘ஃபார்வர்டட்’ என்ற முத்திரையும், இந்தியாவில் ஒரு தடவைக்கு ஐந்து பேர் அல்லது குழு என்ற வரம்பும் வந்தன. அனுப்புகிறவருக்கு இப்போது முழுப் பாதுகாப்பு. செய்திக்குள் மாட்டிக்கொண்டவருக்கு? ‘அவசரமாக ரத்தம் தேவை’ என்ற செய்தியில் இருக்கும் தொலைபேசி எண், நோயாளி வீடு திரும்பிய பிறகும் அடித்துக்கொண்டேயிருக்கும்.

அனுப்பும் முன் அந்த எண்ணுக்கு ஒருமுறை நாமே கூப்பிட்டுக் கேட்கலாம். தேதி இல்லாத வேண்டுகோளை நம்மோடு நிறுத்திக்கொள்ளலாம். ஷெர்கோல்ட் 2020இல், நாற்பது வயதில் இறந்தார். அந்தப் பையன் இப்போது எப்படி இருக்கிறான் என்று விசாரிக்கச் சொல்லி எந்தச் சங்கிலியும் கிளம்பியதில்லை.