மண்ணில் எழுந்து மண்ணில் மறையும் அரங்கு: மட்டக்களப்பின் வட்டக்களரி

கலை வரலாறு பெரும்பாலும் கல்லிலும் செம்பிலும் எஞ்சியவற்றைக் கொண்டே எழுதப்படுகின்றது. ஆக்கிய சில நாட்களிலேயே கலைக்கப்படும் கலைப்பொருள்கள் அதில் இடம்பெறுதல் அரிது. மட்டக்களப்புக் கூத்தின் வட்டக்களரி அத்தகையதோர் ஆக்கமாகும். கூத்தின் ஆடலும் பாடலும் ஆராயப்பட்ட அளவுக்கு, அவற்றைத் தாங்கும் களரி ஊரவர் கைவினையாக நோக்கப்பட்டமை குறைவே.

வாவியை அண்டிய வயற் கிராமங்களில் வேளாண்மை ஓய்ந்த காலமே கூத்துக் காலமாகும். சட்டங்கொடுத்தல், சலங்கை கட்டுதல், அடுக்குப் பார்த்தல் என்னும் படிகளைக் கடந்து அரங்கேற்றம் நெருங்குகையில், ஊரின் திறந்த வெளியிலே களரி எழும். மண்ணைக் கொட்டி வட்டமாகச் சற்று உயர்த்துவர். சுற்றிலும் கம்புகளை நட்டு, மேலே வெள்ளை கட்டி, தென்னங்குருத்தாலும் மாவிலையாலும் தோரணம் தூக்குவர். பண்டு தீப்பந்தமும் எண்ணெய் விளக்கும் ஒளி தந்தன. பின்னர் பெற்றோமாக்ஸ் வந்தது. அண்ணாவியாரும் பிற்பாட்டுக்காரரும் நடுவில் நிற்க, கூத்தர் அவர்களைச் சுற்றி ஆடுவர். மக்கள் நாற்புறமும் அமர்ந்து விடியும்வரை காண்பர். வடமோடி அரசர் அணியும் கரப்புடுப்பும் இச்சூழலுக்கு அந்நியமானதன்று. ஆழமற்ற நீரில் மீனைக் கவிழ்த்துப் பிடிக்கும் கூடைக்கும் கரப்பு என்பதே பெயர்.

சிலப்பதிகார அரங்கேற்று காதை ஏழுகோல் அகலம், எட்டுக்கோல் நீளம், ஒருகோல் உயரம் என அரங்கிற்கு அளவு வகுக்கின்றது. அது நூல்வழி நின்ற அரங்கு. வட்டக்களரியின் அளவோ ஆடுவோர் காலடியிலும் அமைப்போர் கைப்பழக்கத்திலுமே தங்கியுள்ளது. ஆதலின் ஒரு தலைமுறை களரி கட்டாது விடுமாயின், அவ்வறிவை மீட்டெடுக்க ஏடு எதுவும் உதவாது. எனினும் கூட்டுழைப்பு நிகழ்ந்த இடமெல்லாம் சமத்துவம் நிலவியதெனக் கொள்ளுதல் பொருந்தாது. சாதிப் படிநிலை களரிக்கு வெளியே நின்றுவிடவில்லை. பெண் பாத்திரங்களையும் ஆடவரே ஏற்றனர்.

இக்கலையைக் கற்றோர் உலகின் கவனத்திற்குக் கொணர்ந்தவர் பேராசிரியர் சு. வித்தியானந்தன் ஆவார். கர்ணன் போர் (1962), நொண்டி நாடகம் (1963), இராவணேசன், வாலிவதை ஆகியன பேராதனைப் பல்கலைக்கழக மாணவரைக் கொண்டு அவர் மேடையேற்றியவை. விடியவிடிய ஆடப்பட்ட கூத்து அவரால் குறுகிய நேர நாடகமாகச் செப்பமுற்றது. கூத்தின் மதிப்பு இதனால் உயர்ந்தது என்பதில் ஐயமில்லை. ஆயின் படச்சட்ட மேடையேறிய கூத்து ஒருபக்கப் பார்வைக்குரியதாயிற்று. ஆட்டம் நகரம் சென்றது. களரி ஊரிலேயே நின்றது.

அந்நாடகங்களில் ஆடிய சி. மௌனகுரு வந்தாறுமூலை மத்திய மகா வித்தியாலயத்தில் பயின்றவர். அப்பாடசாலை வளாகத்திலேயே 1981இல் மட்டக்களப்புப் பல்கலைக்கழகக் கல்லூரி தோன்றி, 1986இல் கிழக்குப் பல்கலைக்கழகமாயிற்று. அங்கே அவர் பேராசிரியராகப் பணியாற்ற, கூத்து உயர்கல்விப் பொருளாயிற்று.

ஆனால் அதே காலம் கிராமத்துக் களரிக்குக் கொடிய காலமாயிருந்தது. 1990 செப்டெம்பர் 5இல் வந்தாறுமூலை வளாகத்தில் தஞ்சம் புகுந்திருந்தோருள் 158 பேர் கொண்டுசெல்லப்பட்டுக் காணாமற்போயினர். இரவில் வெளியில் ஒன்றுகூடுதலே அச்சத்துக்குரியதான நாளில், விடியும்வரை ஆடும் கலை எங்ஙனம் தழைக்கும்? மண்ணும் கம்பும் குருத்தும் அருகிலேயே இருந்தன. அச்சமின்றிக் கூடும் இரவே இல்லாதிருந்தது.

2000களின் தொடக்கத்தில் சி. ஜெயசங்கர் முதலியோர் சீலாமுனையில் மேற்கொண்ட கூத்து மீளுருவாக்கம் இவ்வகையில் குறிப்பிடத்தக்கது. கூத்தை மேடைக்கு எடுத்துச் செல்லாது, ஊரவரோடு கலந்துபேசிக் களரியிலேயே புதுக்க அது முயன்றது. சாதி, பால் சார்ந்த சித்திரிப்புகளும் அங்கு மறுபரிசீலனைக்கு உள்ளாயின.

நிலையான சீமெந்து மேடை ஒருமுறை கட்டப்பட்டபின் ஊரவர் கையை நாடாது. களரியோ ஒவ்வொரு முறையும் மண் சுமப்போரையும் குருத்து வெட்டுவோரையும் மீண்டும் ஒன்றுகூட்டுகின்றது. அது கலைந்துபோவதைக் குறையெனக் கருதுவோர் இவ்வுண்மையை மறந்துவிடுகின்றனர். களரி அழிவதனால் கூத்து அழிவதில்லை. களரி கட்ட ஊர் கூடாதொழியும் நாளே அதன் அழிவு நாளாகும்.