பிறந்த பின் தசைப்புரத மரபணுக்கள்

பாலூட்டிகள் பிறந்த பிறகும் பறவைகள் பொரிந்த பிறகும் அவற்றின் தசைப்புரதங்கள் உருமாறுகின்றன. ஒரு மரபணு அடங்க, அதே குடும்பத்தின் இன்னொன்று செயல்படத் தொடங்குகிறது. மயோசின், டிரோபோனின் ஆகியவற்றில் இது தெளிவாகத் தெரியும்.

மயோசினுக்கு 1864இல் பெயரிட்டவர் வில்ஹெல்ம் கூனே. பிறந்த பூனைக்குட்டியின் கால் தசைகள் எல்லாமே மெதுவாகச் சுருங்குபவை என்றும், சில வாரங்களில் அவற்றுள் சில விரைவுத்தசைகளாகின்றன என்றும் புல்லர், எக்லஸ் ஆகியோர் 1960இல் காட்டினர். நரம்பை மாற்றி இணைத்தால் தசையின் வேகமும் மாறியது. அந்த வேகம் மயோசினின் நொதித்திறனோடு ஒத்துப்போவதை 1967இல் பாரனி நிறுவினார்.

1981இல் வேலன் குழுவினர் எலித்தசையில் கருநிலை, பிறப்புநிலை, முதிர்நிலை என மூன்று மயோசின் கனச்சங்கிலிகள் அடுத்தடுத்துத் தோன்றுவதைக் கண்டனர். அடுத்த ஆண்டே கோழியின் மார்புத்தசையிலும் இத்தகைய வரிசையைப் பேண்ட்மன் குழுவினர் விவரித்தனர். தசைநலிவு நோயுள்ள கோழியில் பிறப்புநிலை மயோசின் வளர்ந்த பின்னும் மறையாமல் நீடித்தது. இந்த வரலாற்றில் மிகவும் கருத்தைக் கவரும் முடிவுகளில் இதுவும் ஒன்று.

மாற்றத்தைத் தூண்டுவது எது என்பதில் கருத்து ஒன்றுபடவில்லை. பிறந்த எலியின் நரம்பை வெட்டிய பின்னும் முதிர்நிலை விரைவு மயோசின் தோன்றியது (1982). தைராய்டு சுரப்பு குறைந்தால் மாற்றம் தாமதமாகிறது. நரம்புக்கும் சுரப்புக்கும் தசைக்குத் தசை வெவ்வேறு பங்கு இருக்கலாம். எலியின் இதயக் கீழறையில் பிறப்புக்குப் பின் பீட்டா மயோசின் ஆல்பாவுக்கு இடம்விடுகிறது. மனிதரில் பீட்டாவே நிலைக்கிறது.

மனிதரின் 17ஆம் குரோமோசோமில் ஆறு எலும்புத்தசை மயோசின் மரபணுக்கள் அடுத்தடுத்து உள்ளன. கருநிலை மரபணு ஓரத்தில் நிற்க, பிறப்புநிலை மரபணு முதிர்நிலை மூன்றுக்கும் அப்பால் இருக்கிறது. எனவே அமைந்துள்ள வரிசையும் வெளிப்படும் வரிசையும் ஒன்றல்ல. கருநிலை மரபணுவின் பிழைகள் ஃப்ரீமன்-ஷெல்டன் நோய்க்குக் காரணம் என்பது 2006இல் தெரியவந்தது.

ஓசூர், கிருஷ்ணகிரி வட்டாரத்தில், பொரிந்த பின் தசை வளர்வது பற்றிய அறிவு கறிக்கோழிப் பண்ணைகளுக்குப் பயன்படும். குஞ்சின் தசையிழை எண்ணிக்கை பொரிக்கும் முன்பே ஏறத்தாழ முடிவாகிவிடும். பிந்தைய வளர்ச்சி, 1961இல் மாரோ கண்ட துணைச்செல்கள் பெருகி இழைகளோடு இணைவதால் வருவது. இப்பெருக்கம் முதல் சில நாள்களில் உச்சத்தில் இருப்பதால், பொரிப்பகத்திலிருந்து வண்டியில் வரும் குஞ்சுக்கு முதல் தீவனம் தாமதமானால் மார்புத்தசை வளர்ச்சி குன்றுகிறது.