ஒரே குழாயில் நான்கு சக்கரம்



பழைய அம்பாசிடரைத் தூசி தட்டி ஓட்டுகிறவர்கள் நம் வட்டத்திலேயே இரண்டு மூன்று பேர் இருக்கிறீர்கள். "பிரேக் லைனிங் மாத்தியாச்சு சார், குடும்பத்தோட ஏற்காடு போறோம்" என்று ஒருவன் எழுதியிருந்தான். லைனிங் சரி, குழாயை மாற்றினாயா என்று கேட்டேன். பதில் இல்லை. அதனால் கொஞ்சம் வரலாறு சொல்கிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

1888 ஆகஸ்டில் ஜெர்மனியின் பெர்தா பென்ஸ் அம்மையார், கணவர் கார்ல் பென்ஸிடம் சொல்லாமலே அவர் செய்த மூன்று சக்கர மோட்டார் வண்டியை எடுத்துக்கொண்டு, இரண்டு மகன்களோடு மான்ஹைமிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைமுக்குப் புறப்பட்டார். அங்கேதான் அவர் தாய்வீடு. நூறு கிலோமீட்டருக்கு மேல். வழியில் மரக்கட்டை பிரேக் தேய்ந்துவிட்டது. செருப்புத் தைப்பவர் ஒருவரிடம் கட்டைமேல் தோல் வைத்து அடிக்கச் சொன்னார். நீங்கள் மாற்றும் லைனிங்குக்கு அதுதான் மூத்த பாட்டி. (தாய்வீடு போகிற அவசரம் எதையும் கண்டுபிடிக்க வைக்கும்!) 1897இல் இங்கிலாந்தில் ஹெர்பர்ட் ஃப்ரூட் இதையே தொழிலாக்கினார். ஃபெரோடோ என்ற பெயர், அவர் பெயரின் எழுத்துகளோடு மனைவி எலிசபெத்தின் முதலெழுத்தைச் சேர்த்துக் கலைத்துப் போட்டது.

அப்போதெல்லாம் பெடலிலிருந்து சக்கரத்துக்குக் கம்பியும் கேபிளும்தான். ஒரு சக்கரம் முந்திப் பிடிக்கும், இன்னொன்று பிந்தும், வண்டி இழுத்துக்கொண்டு போகும். அமெரிக்கரான மால்கம் லாக்ஹீட் கம்பிக்குப் பதில் குழாயில் திரவத்தை நிரப்பினார். வகுப்பில் பாஸ்கல் விதி படித்தோமே, அதேதான்: மூடிய திரவத்தில் அழுத்தம் எல்லாப் பக்கமும் சமமாகப் பரவும். 1921இல் டூசன்பெர்க் காரின் நான்கு சக்கரத்துக்கும் இது வந்தது. அவர் வைத்த தோல் வாஷர்கள் கசிந்தன. கிரைஸ்லர் பொறியாளர்கள் ரப்பருக்கு மாற்றி 1924இல் தங்கள் காரில் போட்டார்கள்.

இதில் ஒரு ஆபத்து ஒளிந்திருந்தது. ஒரே மாஸ்டர் சிலிண்டர், ஒரே திரவம். ஒரு இடத்தில் குழாய் விட்டால் நான்கு சக்கரமும் போச்சு. இரண்டு தனித்தனிப் பாதை இருக்க வேண்டும் என்று அமெரிக்கா 1968இல்தான் கட்டாயமாக்கியது. நம் பழைய அம்பாசிடர் அதற்கு முந்தைய மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டின் வாரிசு.

இரும்புக் குழாய் வெளியே பளபளப்பாக இருக்கும், உள்ளே துருப்பிடிக்கும். காரணம், பிரேக் ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சும். புதிய டாட் 3 ஆயில் குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரம் ஏறினால் அந்த அளவு 140 வரை இறங்கலாம். ஏற்காட்டில் 20 கொண்டை ஊசி வளைவு. இறங்கும்போது சூட்டில் ஆயில் ஆவியானால் பெடல் அப்படியே தரைக்குப் போகும். புது லைனிங் ஒன்றும் செய்யாது.

ஆகவே குழாய், ரப்பர் ஹோஸ், ஆயில் மூன்றையும் சேர்த்து மாற்றுங்கள், காற்றை முழுக்க வெளியேற்றுங்கள். மண்ணெண்ணெய் விட்டுக் கழுவ விடாதீர்கள், ரப்பர் ஊதிவிடும். டிரம்மைக் கழற்றும்போது தூசியை வாயாலோ கம்ப்ரசராலோ ஊதவும் கூடாது. பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும், நுரையீரலுக்கு எமன். ஈரத்துணியால் துடையுங்கள், பிள்ளைகளைப் பக்கத்தில் நிற்க விடாதீர்கள்.