மகமை கட்டிய பேட்டை

குடோன் கட்டக் கையில் பணம் இல்லையென்றால் இன்று பேங்க் லோன் இருக்கிறது. 19-ம் நூற்றாண்டில் விருதுப்பட்டி (இன்றைய விருதுநகர்), சிவகாசி, அருப்புக்கோட்டை பக்கம் மாட்டுவண்டியில் சரக்கு ஏற்றிப் போன நாடார் வியாபாரிகள் என்ன செய்தார்கள் தெரியுமா? வழியெல்லாம் திருட்டு பயம் வேறு.

ஆளுக்கு வருமானத்தில் ஒரு பங்கைப் பொதுவில் போட்டார்கள். அதற்குப் பெயர் மகமை. அந்தப் பணத்தில்தான் பேட்டைகள் எழுந்தன. சுற்றுச்சுவருக்குள் வண்டி, மாடு, சரக்கு எல்லாம் பத்திரம்.

பேட்டையோடு நிற்கவில்லை. 1889-ல் விருதுப்பட்டியில் க்ஷத்திரிய வித்யாசாலா பள்ளி வந்ததும் மகமையால்தான். 1921-ல் இதே சமூக வியாபாரிகள் தூத்துக்குடியில் நாடார் வங்கியைத் தொடங்கினார்கள். 1962-ல் அது தமிழ்நாடு மெர்க்கன்டைல் பேங்க் ஆனது.

மகமையில் அடமானத்துக்குப் பதில் என்ன இருந்தது? உறவின்முறையில் ஓர் ஆள் என்பதுதான். அதற்கு வெளியே இருந்த ஏழை வியாபாரிக்கு அந்தப் பிடிமானம் கிடையாது. இதை விட்டுவிட்டு மகமையைப் புகழ்ந்தால் கணக்கு டேலி ஆகாது நண்பர்களே!