கர்ப்பகாலக் கால்சியம் மாத்திரையும் முன்சூல்வலிப்பும்

கர்ப்பிணிகளுக்கு இரும்புச்சத்து மாத்திரையுடன் சேர்த்து வழங்கப்படும் கால்சியம் மாத்திரை எலும்புக்கானது என்றே பலரும் கருதுகின்றனர். வயிற்றிலுள்ள குழந்தை தாயிடமிருந்து சுமார் 30 கிராம் கால்சியத்தை எடுத்துக்கொள்வது உண்மைதான். ஆனால் மாத்திரைக்கு மருத்துவ உலகம் தரும் முதன்மைக் காரணம் வேறு: முன்சூல்வலிப்பைத் தடுப்பது.

கர்ப்பத்தின் 20ஆம் வாரத்துக்குப் பிறகு இரத்த அழுத்தம் 140/90 அளவைத் தொட்டு அல்லது தாண்டி, சிறுநீரில் புரதம் வெளியேறுவதோ சிறுநீரகம், கல்லீரல் போன்ற உறுப்புகள் பாதிக்கப்படுவதோ முன்சூல்வலிப்பு எனப்படும். முற்றினால் வலிப்பு வரும். ஊர்ப்பேச்சில் இது ஜன்னி. உடலில் கால்சியம் குறையும்போது பாராதைராய்டு ஹார்மோனும் ரெனினும் கூடுகின்றன. இரத்தக் குழாய்த் தசைகளின் செல்களுக்குள் கால்சியம் ஏறி, குழாய்கள் சுருங்கி, அழுத்தம் உயர்கிறது என்பது பொதுவாகத் தரப்படும் விளக்கம்.

இந்தத் தொடர்பு முதலில் தெரியவந்தது ஆய்வுக்கூடத்தில் அல்ல, அடுப்படியில். குவாத்தமாலாவின் மாயா இனப் பெண்கள் மக்காச்சோளத்தைச் சுண்ணாம்பு நீரில் வேகவைத்து ஊறவிட்டு, அரைத்து ரொட்டி சுடுகின்றனர். ஏழ்மையிலும் அவர்களுக்கு ஜன்னி அரிதாகவே வந்தது. உணவில் சேர்ந்த சுண்ணாம்பே காரணமாக இருக்கலாம் என்று ஹோசே பெலிசான், ஹோசே வில்லார் ஆகியோர் 1980இல் எழுதினர்.

பின்னர் நடந்த ஆய்வுகள் ஒரே குரலில் பேசவில்லை. அமெரிக்காவில் 4,589 பெண்களிடம் நடத்தி 1997இல் வெளியான ஆய்வில் பலன் எதுவும் தென்படவில்லை. அவர்கள் உணவிலேயே போதிய கால்சியம் பெற்றவர்கள். கால்சியம் குறைவாக உண்ணும் 8,325 பெண்களிடம் இந்தியா உட்பட ஆறு நாடுகளில் உலகச் சுகாதார நிறுவனம் நடத்திய ஆய்வு 2006இல் வெளியானது. அதில் முன்சூல்வலிப்பின் எண்ணிக்கை குறிப்பிடும்படி குறையவில்லை என்றாலும், வலிப்பும் கடும் இரத்த அழுத்தமும் பச்சிளங்குழந்தை இறப்பும் குறைந்தன. ஆக, பற்றாக்குறை உள்ள இடத்தில்தான் மாத்திரைக்கு வேலை இருக்கிறது.

எவ்வளவு தேவை? கால்சியம் குறைந்த உணவு உண்ணும் மக்களுக்கு நாளொன்றுக்கு 1.5 முதல் 2 கிராம் வரை என்று உலகச் சுகாதார நிறுவனம் பரிந்துரைத்தது. நடைமுறையில் அது மூன்று நான்கு பெரிய மாத்திரைகள். மசக்கையோடு போராடும் பெண்ணுக்கு எளிதல்ல. பெங்களூரிலும் தான்சானியாவிலும் தலா 11,000 பெண்களிடம் நடந்து 2024இல் வெளியான ஆய்வுகளில், முன்சூல்வலிப்பைத் தடுப்பதில் 500 மில்லிகிராம் 1,500 மில்லிகிராமுக்குக் குறைந்ததல்ல என்று தெரிந்தது. இந்திய அரசின் 2014ஆம் ஆண்டு வழிகாட்டுதல்படி 14ஆம் வாரம் முதல் தினமும் 500 மில்லிகிராம் இருவேளை தரப்படுகிறது. பிரசவத்துக்குப் பின்னும் ஆறு மாதம் இது தொடரும்.

கால்சியம் கார்பனேட் மாத்திரையை உணவோடு விழுங்க வேண்டும். உணவோடு சுரக்கும் அமிலத்தில்தான் அது நன்கு கரையும். இரும்புச்சத்து மாத்திரையுடன் சேர்த்து விழுங்கினால் இரும்பு உடலில் சேர்வது குறையும் என்பதால் இரண்டுக்கும் குறைந்தது இரண்டு மணி நேர இடைவெளி தேவை. சிறுநீரகக் கல் உள்ளவர்கள் மருத்துவரிடம் அதைச் சொல்லிவிட்டே தொடங்க வேண்டும். ஏறிவிட்ட இரத்த அழுத்தத்தை இம்மாத்திரை இறக்காது. கடும் தலைவலி, கண் மங்கல், மேல்வயிற்று வலி ஆகியவற்றில் ஒன்று வந்தாலும் கர்ப்பிணியை உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும்.