சோம்பலில் பிறந்த சொல்

ஓடும் பஸ்ஸில் டிரைவர் திடீரென்று பிரேக் போட்டால், நிற்பவர்கள் முன்பக்கம் சாய்கிறார்கள். இதற்குக் காரணம் ‘இனர்ஷியா’ என்று பள்ளியில் படித்திருப்போம். அந்த லத்தீன் சொல்லுக்கு நேர்ப்பொருள் ‘சோம்பல்’ என்றால் பலருக்கு ஆச்சரியமாக இருக்கும். ‘இன்’ என்றால் இல்லை. ‘ஆர்ஸ்’ என்றால் திறமை. திறமையற்றவன் என்பது நாளடைவில் சோம்பேறி என்றாகிவிட்டது.

இச்சொல்லைப் பௌதிகத்துக்குக் கொண்டுவந்தவர் ஜெர்மானிய வானியல் மேதை ஜோஹன்னஸ் கெப்ளர் (1571–1630). கிரகங்கள் இயல்பிலேயே சோம்பல் உடையவை, சூரியனின் சக்தி தள்ளிக்கொண்டே இருப்பதால்தான் சுற்றுகின்றன, அது நின்றால் அவையும் இருந்த இடத்திலேயே நின்றுவிடும் என்று அவர் கருதினார். அந்தக் கருத்துக்கு இந்தப் பெயர் பொருத்தமே.

ஆனால் கருத்து நிலைக்கவில்லை. சாய்தளங்களில் உருண்டைகளை உருட்டிப் பார்த்த கலிலியோ, தடை ஏதுமில்லாவிட்டால் சமதளத்தில் ஓடும் உருண்டை ஓடிக்கொண்டே இருக்கும் என்று 1638-ல் வெளியான தம் நூலில் காட்டினார். அந்த ஓட்டம் நேர்கோட்டில் இருக்கும் என்றார் பிரெஞ்சு அறிஞர் டெகார்ட் (1644). இவற்றைத் தொகுத்து விதியாக்கியவர் நியூட்டன். 1687-ல் வந்த ‘பிரின்சிபியா’வில் அவர் கெப்ளரின் சொல்லையே எடுத்துக்கொண்டார்; பொருளை மட்டும் மாற்றிவிட்டார். நின்றால் நிற்கும், ஓடினால் ஓடும் – இருக்கும் நிலையில் தொடர்வதே இனர்ஷியா. பொருள்களை ஓய்வை நோக்கி இழுக்கும் கெப்ளரின் சக்தியைத் தாம் சொல்லவில்லை என்று தம் சொந்தப் பிரதியில் அவர் தனியாகக் குறித்தும் வைத்தார்.

இனி நம் மொழிகளுக்கு வருவோம். ஹிந்திப் பாடநூல்களில் இது ‘ஜடத்வ’. இலங்கைத் தமிழ் நூல்களில் ‘சடத்துவம்’. இரண்டிலும் ஜடம்போல் அசையாதிருத்தல் என்ற பழைய சாயல் தெரிகிறது. தமிழ்நாட்டுப் பாடநூல்களில் உள்ள ‘நிலைமம்’ அப்படியல்ல. ‘நிலை’ என்ற சொல்லில் ஓய்வும் அடங்கும், ஓட்டமும் அடங்கும். நியூட்டன் சொன்ன பொருள் லத்தீன் சொல்லைவிட இதில்தான் நன்றாக அமைந்திருக்கிறது.

வெளிமாநிலத்தில் வளரும் நம் குழந்தைகள் ‘ஜடத்வ’ என்றோ ‘இனர்ஷியா’ என்றோதான் படிக்கிறார்கள். பொருள் என்றால் சும்மா கிடக்கத்தான் விரும்பும் என்று அவர்கள் எண்ணிவிடக் கூடும். 1977-ல் ஏவப்பட்ட வாயேஜர் விண்கலம், தள்ளும் எஞ்சின் இல்லாமலேயே சூரிய மண்டலத்தை விட்டு விலகிப் போய்க்கொண்டிருக்கிறது. அதை உதாரணமாகக் காட்டி, கூடவே ‘நிலைமம்’ என்ற தமிழ்ச் சொல்லையும் சொல்லிக்கொடுங்கள். பாடமும் புரியும், தாய்மொழியில் ஒரு நல்ல சொல்லும் கிடைக்கும்.